பிளவைக் கண்டவர்கள் பேச வேண்டாமா?

அரியலூர் என்றதும் முதியவர்களின் நெஞ்சிலே ஒரு துயர நாள் எழுந்து நிற்கும். 1956ஆம் ஆண்டு, நவம்பர் 23. பொழுது விடிவதற்கு முன்பு, தூத்துக்குடி விரைவு வண்டி மருதையாற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. கொட்டித் தீர்த்த மழை, குமுறி ஓடிய வெள்ளம்! வண்டியின் பாரத்தைத் தாங்க வேண்டிய மண்ணை அந்த வெள்ளம் அரித்துத் தின்றுவிட்டது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உறக்கத்திலேயே மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள்! அன்றைய ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார்.

மந்திரி போனார், மாண்டவர் மீண்டாரில்லை. அந்த விபத்து நமக்கு விட்டுச் சென்ற பாடம் ஒன்று உண்டு. மேலே ஓடுகிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் வாய் திறந்து சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ளாததும் குற்றம், தெரிந்தும் சொல்லாதது பெருங்குற்றம்!

அதே 1956ஆம் ஆண்டிலேதான், ஆகஸ்டு 14ஆம் நாள், மண்ணுக்கு அடியிலே என்ன இருக்கிறது என்று தேடுவதையே தொழிலாகக்கொண்ட அமைப்பு ஒன்று டில்லி சர்க்காரால் ஆணையமாக அமைக்கப்பட்டது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் என்று அன்று பெயர். ஓ.என்.ஜி.சி. என்று சொன்னால் இன்று தஞ்சைத் தரணியிலே பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தேடலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். "எண்ணெய்க் கிணறு வேண்டுமா வேண்டாமா என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயேன்" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சொல்லலாம். ஆனால், ஆண்டிமடத்துப் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியிலே விடை அடங்கவில்லை. அதனாலேதான் இந்த ஏட்டிலே இத்தனை பத்திகள்.

ஆண்டிமடத்துக்கு அருகே ஒரு சிற்றூரிலே கூட்டம் பேசி முடித்து, தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்தேன். முந்திரித் தோப்பிலே பாடுபட்டுக் காய்ப்பேறிய கைகளோடு ஒரு பெரியவர் வந்தார். அருகே நின்றார், அமரச் சொன்னாலும் அமரவில்லை.

"தம்பி, மேடையிலே எல்லாம் நல்லா பேசினீங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. பல வருசத்துக்கு முந்தி எங்க கொல்லையிலே ஆளுங்க வந்தாங்க. நீள நீளமா கம்பி இழுத்தாங்க. குழி போட்டு வெடி வெச்சாங்க. நாங்களும் கூலிக்குக் கம்பி தூக்கினோம். வேலை முடிஞ்சுது, போயிட்டாங்க. எங்க மண்ணுக்குக் கீழே என்னதான் கண்டாங்க தம்பி? இன்னி வரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே!"

நான் திகைத்துவிட்டேன், தோழர்களே! மண் அவருடையது. கம்பி சுமந்த தோளும் அவருடையது. வெடித்தபோது அதிர்ந்த வீடும் அவருடையது. கண்ட காட்சி மட்டும் அவருடையது அல்ல!

அவர்கள் தேடியது என்ன, கண்டிருக்கக்கூடியது என்ன என்பதை, கற்றவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் அறிந்த அளவிலே, அந்தப் பெரியவருக்குச் சொல்வதுபோல உங்களுக்குச் சொல்கிறேன்.

* * *

முதலிலே, காலடியிலே கிடக்கும் வரலாற்றைப் பாருங்கள்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போனால், மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம்! 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த மரம் அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடல் அடித்து வந்து, மண் மூடி, மரம் கல்லானது. காரைக்குப் போனால், கடல் நத்தைபோலச் சுருண்ட அம்மோனைட்டுகளைச் செம்மண் சரிவிலே பொறுக்கலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையிலே சிப்பி சிப்பியாக அடுக்கியிருக்கிறது. நாம் சிமெண்டு என்று சுமப்பதிலே, பழங்காலக் கடலின் சிப்பியும் இருக்கிறது!

வெள்ளையர் ஆட்சிக் காலத்திலே, ஹென்றி பிளான்போர்டு என்ற நிலவியலாளர் கையிலே சுத்தியலும் பையிலே குறிப்பேடுமாக இந்த வட்டாரம் முழுவதும் நடந்தார். 1862இல் தம் ஆய்வை வெளியிட்டார். பாறைகளை வகை பிரித்து, ஊட்டத்தூர் வகை, திருச்சி வகை, அரியலூர் வகை என்று நம் ஊர்களின் பெயரையே சூட்டினார். உலகத்து நிலவியல் மாணவன் எவனும் அரியலூரை அறிவான். அரியலூரிலே வாழும் நாம்தான் அரியலூரை அறியாமல் இருக்கிறோம்! கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறைக்கு மட்டும் ஆராய்ச்சி ஏடுகளிலே 'டால்மியாபுரம் அடுக்கு' என்று பெயர். 1953இல் தண்டவாளத்திலே தலைவைத்துப் போராடி ஊருக்குப் பெயரை மீட்டோம். பாறைக்கு இன்னும் மீளவில்லை! அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

இப்போது நான் சொல்ல வந்தது இதுதான்: அரியலூரிலும் பெரம்பலூரிலும் வெட்ட வெளியிலே கிடக்கும் இந்தக் கடற்பாறைகளின் சொந்தக்காரப் பாறைகள், கிழக்கே போகப் போகப் படிப்படியாக மண்ணுக்குள் இறங்குகின்றன. காவிரிப் படுகை என்று அறிஞர்கள் சொல்லும் இந்தப் பெரும் பள்ளம், நிலத்திலே மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். அதற்கப்பால் கடலுக்குள்ளும் நீள்கிறது. ஆழமான இடங்களிலே 5,000 முதல் 6,000 மீட்டர் வரை படிவுகள் குவிந்திருக்கின்றன. ஆழத்து அடுக்குகளுக்கும் நம் ஊர்ப் பெயர்களே: ஆண்டிமடம் அடுக்கு, புவனகிரி அடுக்கு, நன்னிலம் அடுக்கு, கமலாபுரம் அடுக்கு! அந்தப் பெரியவரின் ஊர்ப் பெயரை, அவர் காணாத ஆழத்திலே, அவரைக் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறார்கள்!

இந்தப் பள்ளம் எப்படி உண்டாயிற்று? ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்திய நிலமும் அண்டார்க்டிகா நிலமும் ஒன்றாக ஒட்டிக் கிடந்து, பிறகு பிரிந்தன. பிரிகின்றபோது தரை இழுபட்டது; இழுபட்ட தரை நீள நீளமாகப் பிளந்தது. சில துண்டுகள் உள்ளே சரிந்தன. சில துண்டுகள் மேடாகவே நின்றன. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன அந்தப் பிளவுகள். அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், அதற்குத் தெற்கே கும்பகோணம்–மாதானம் மேடு, அதற்கப்பால் நாகைப் பக்கத்துப் பள்ளங்கள். இப்படி மேடும் பள்ளமுமாக, மண்ணுக்குள் ஒரு மலைநாடே மறைந்து கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் நெல் வயல், கம்பளம் விரித்தாற்போல! உள்ளே பார்த்தால் உடைந்த படிக்கட்டு!

பெயர்ச்சிப் பிளவு என்று இதைச் சொல்வார்கள். வெறும் விரிசல் அல்ல. பழைய ஏடுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்து, நடுவிலே அரிவாளால் ஒரு வெட்டு வெட்டி, ஒரு பாதியைச் சற்றே கீழே தள்ளுங்கள். இந்தப் பக்கத்து மூன்றாம் ஏடு, அந்தப் பக்கத்து ஐந்தாம் ஏட்டோடு முகம் பார்த்து நிற்கும். ஏடுகளுக்குப் பதிலாகப் பாறை அடுக்குகள். அதுதான் பெயர்ச்சிப் பிளவு.

* * *

"பாறை பிளந்தால் பிளந்துவிட்டுப் போகட்டும், எண்ணெய்க்கும் அதற்கும் என்ன உறவு?" என்று கேட்பீர்கள். உறவு உண்டு, ஒட்டி உறவாடும் உறவு!

எண்ணெய் என்பது மண்ணுக்குள் ஏரிபோலத் தளும்பிக் கிடப்பது அல்ல. மணற்பாறையின் நுண்துளைகளிலே, ஈர மணலிலே நீர் இருப்பதுபோல, ஒளிந்திருக்கிறது. தண்ணீரைவிட இலேசானது, ஆகவே மேலே மேலே ஏறப் பார்க்கும். தடுக்க ஆள் இல்லாவிட்டால் தரைக்கே வந்து கசிந்து, காற்றோடு போய்விடும். தடுக்கிறவற்றிலே முதன்மையானது களிப்பாறை மூடி. இன்னொன்று பெயர்ச்சிப் பிளவு.

உழவனுக்கு விளங்கும்படி சொல்கிறேன். பிளவு ஒரு வரப்பு. வயல் வரப்பு நீரைத் தேக்குவதுபோல, மண்ணுக்குள் இந்த வரப்பு எண்ணெயைத் தேக்குகிறது. மணற்பாறை நகர்ந்துபோய்க் களிப்பாறையோடு முகம் பார்த்து நின்றால் எண்ணெய்க்கு வழி அடைந்துவிடும். பிளவு நகரும்போது களிப்பாறை மசிந்து, வரப்புக்குச் சேறு பூசியதுபோல, இடுக்கிலே அப்பிக்கொள்வதும் உண்டு. அப்போது வரப்பு பலமாக நிற்கும்.

ஆனால், எல்லா வரப்பும் நல்ல வரப்பா? நண்டு வளை போட்ட வரப்பை நீங்கள் பார்த்ததில்லையா? மணற்பாறையும் மணற்பாறையும் முகம் பார்த்து நின்றால், வரப்பு இருந்தும் பயனில்லை. எண்ணெய் கசிந்து ஓடிவிடும். பிளவின் இடுக்கே வழியாகிவிட்டால், கீழே இருப்பது மேலே ஏறும். ஆகவே ஒரே பிளவு, ஓரிடத்திலே காவற்காரன். இன்னோரிடத்திலே கள்ளனுக்குத் திறந்த கதவு!

இன்னொரு விந்தையும் உண்டு. ஒரே எண்ணெய் வயல் என்று நினைத்துப் பக்கத்துப் பக்கத்திலே இரண்டு கிணறு தோண்டுவார்கள். ஒன்று பீறிடும், மற்றது வறண்டு கிடக்கும். காரணம், இடையிலே ஒரு வரப்பு! ஒரு பாத்தியிலே மடை திறந்தால், அடுத்த பாத்தியின் நீர் வடியுமா? வடியாது. மண்ணுக்குள்ளும் அதே கணக்குத்தான்.

நம் படுகையிலே அடித்தளப் பாறையின் கதை இன்னும் விந்தையானது. மாதானத்திலே, மணற்பாறையில் மட்டுமன்று, அதற்கும் அடியிலே கிடக்கும் பழம்பெரும் அடித்தளப் பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கண்டார்கள். கடலுக்குள்ளே பி.ஒய்.1 என்ற வயலிலே, கருங்கல்லின் விரிசல்களிலே எரிவாயு. 2009இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. எதிர்பார்த்ததைவிட விரைவிலேயே தளர்ந்தது. விரிசலை நம்பியவன், விரிசலின் போக்கை முற்றும் அறியாதவரை, அவன் கணக்குத் தப்புக் கணக்காகவே முடியும்!

* * *

அப்படியானால், 2,000 மீட்டர், 3,000 மீட்டர் ஆழத்திலே ஓடும் வரப்பை எப்படிக் காண்பது? மந்திரமா, மை போட்டுப் பார்ப்பதா, வெற்றிலையிலே அஞ்சனம் தடவுவதா? இல்லை தோழர்களே, பகுத்தறிவு! வெறும் பகுத்தறிவு!

தேங்காய் வாங்கும் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? தட்டிப் பார்க்கிறார்கள், காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதே வித்தைதான். தரையிலே குழி போட்டுச் சிறு வெடி வைப்பார்கள். அல்லது கனத்த வண்டி ஒன்று தரையை மிதித்து அதிரவைக்கும். அதிர்வலை கீழே பாயும். ஒவ்வோர் அடுக்கிலும் மோதி, ஒரு பகுதி மேலே திரும்பும். ஜியோபோன் என்ற சிறு கருவிகளைத் தரையிலே நட்டு, கம்பியிலே கோத்து, அந்த எதிரொலியைப் பிடிப்பார்கள். அந்தப் பெரியவர் தோளிலே சுமந்தது இந்தக் கம்பியைத்தான்! அலை போய்த் திரும்பிய நேரத்தை வைத்து, அடுக்கு எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று கணிப்பார்கள்.

இந்த வித்தை போர்க்களத்திலே பிழைப்பு நடத்திய வித்தை. முதல் உலகப் போரிலே, எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று அதன் ஓசையை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையிலே பயின்ற அமெரிக்கர் கார்ச்சர் என்பார், 1921இல் ஒக்லஹோமாவிலே, அதே கணக்கைப் பூமியின் மீது திருப்பிப் பாறை அடுக்கின் எதிரொலியைப் பதிவு செய்தார். ஆளைக் கொல்ல உதவிய கணக்கு, ஆழத்தை அறிய உதவிற்று!

நெடுங்காலம் ஒரே கோட்டிலே ஜியோபோன்களை நட்டுத்தான் பார்த்தார்கள். பலாப்பழத்திலே கத்தியால் ஒரே ஒரு கீற்று அறுத்து, சுளை எத்தனை என்று சொல்வதைப்போல! இந்தக் கோட்டிலே ஒரு பிளவு தெரியும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கோட்டிலே ஒரு பிளவு தெரியும். இரண்டும் ஒரே பிளவா, வேறு வேறா? ஊகம்தான். பக்கவாட்டிலிருந்து வரும் எதிரொலியும் நேர் கீழேயிருந்து வருவதுபோலப் பொய்க்கோலம் காட்டும்.

1967இல் டெக்சாஸ் மாநிலத்திலே, ஃப்ரெண்ட்ஸ்வுட் என்ற எண்ணெய் வயலிலே, முப்பரிமாண ஆய்வைச் செய்து பார்த்தார்கள். கோடாக அல்ல, வலையாக! நெடுக்கே ஜியோபோன் வரிசைகள், குறுக்கே வெடி வரிசைகள். ஒவ்வோர் இடமும் பல திசைகளிலிருந்து ஒலியால் தட்டப்படும். கணிப்பொறி எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி, மண்ணுக்குள் இருப்பதை ஒரு கனசதுரக் கட்டியாக்கித் தரும். அந்தக் கட்டியை எந்தப் பக்கமும் அறுத்துப் பார்க்கலாம். நெடுக்காக, குறுக்காக, பாய் விரித்தாற்போலக் கிடையாகவும். கிடையாக அறுத்தால், பிளவுகள் வயல்வெளியிலே வரப்பு ஓடுவதுபோல ஓடும்! 1995இல் இன்னொரு முறை வந்தது: பக்கத்துப் பக்கத்து எதிரொலிகள் ஒத்துப்போகின்றனவா என்று கணிப்பொறியே ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாத இடமெல்லாம் கறுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளிலே பல, பிளவுகள்! இன்று கணிப்பொறிக்கே பிளவைக் காணப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

இத்தனை கூர்மையான கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாறைக்குள் அலை விநாடிக்கு 3,000 மீட்டர் பாய்கிறது, விநாடிக்கு 30 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலையின் நீளம் 100 மீட்டர். அதிலே கால் பங்கு, அதாவது 25 மீட்டர் அளவுக்குப் பாறை நகர்ந்திருந்தால் தெளிவாகத் தெரியும். அதைவிட மிகச் சிறிய நகர்வு, பத்து மீட்டர், ஐந்து மீட்டர் என்றால், மங்கும். அல்லது மறைந்தே போகும். பனைமர உயரப் பிளவு ஒளிந்துகொள்ளலாம்! கண்ட பிளவு அடைத்து நிற்குமா, கசியுமா என்பதையும் படம் மட்டும் சொல்லிவிடாது. கிணற்றிலே அழுத்தம் அளந்து, பாறையை எடுத்துச் சோதித்து, அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வர முடியும். "கருவி காட்டிவிட்டது, கவலை வேண்டாம்" என்று எவரேனும் சொன்னால், அவர் கருவியையும் அறியாதவர், கவலையையும் அறியாதவர்!

* * *

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பிளவைக் காட்டும் படம் இரண்டு கேள்விகளுக்கு விடை வைத்திருக்கிறது. எண்ணெய் எங்கே தேங்கியிருக்கும் என்பது ஒன்று. தோண்டினால் எங்கே ஆபத்து வரும் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைக் கேட்கப் பணம் இருக்கிறது, பட்டாளம் இருக்கிறது, டில்லி இருக்கிறது. இரண்டாம் கேள்வியை மேலே வாழ்கிறவன் கேட்க வேண்டும். அவனுக்கோ இப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது!

ஆபத்து என்று நான் மிரட்டுவதாக எவரும் எண்ண வேண்டாம். நெதர்லாந்து நாட்டுக் கதையைக் கேளுங்கள். குரோனிங்கன் மாநிலத்திலே 1959இல் பெரும் எரிவாயு வயல் கண்டார்கள். நாடு செழித்தது, கருவூலம் கொழித்தது. எடுக்க எடுக்க அடியிலே அழுத்தம் குறைந்தது. பாறை அமுங்கியது. அந்தப் பாறையின் ஊடே ஓடிய நூற்றுக்கணக்கான பிளவுகள், ஊழிக்காலமாக உறங்கியவை, நகரத் தொடங்கின. 1991இல் நிலநடுக்கம் பதிவாயிற்று. 2012 ஆகஸ்டு 16ஆம் நாள் ஹுய்சிங்க என்ற ஊரிலே 3.6 அளவு நடுக்கம். ஆயிரக்கணக்கான வீடுகளிலே சுவர் வெடித்தது. மக்கள் கத்தினார்கள், கணக்குப் பார்த்தவர்கள் காதைப் பொத்தினார்கள். கடைசியாக 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழுவே, குரோனிங்கன் மக்களின் நலன் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது என்று கூறியது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

காவிரிப் படுகை குரோனிங்கன் அல்ல. பாறை வேறு, வயலின் அளவு வேறு, அங்கே நடந்தது இங்கே நடக்கும் என்று சொல்வது அறிவுக்கு அடுக்காது. அங்கே கருவி இருந்தது, அறிஞர் இருந்தார்கள், பணம் இருந்தது. இல்லாமற்போனது ஒன்றே ஒன்று: மேலே வாழ்ந்தவனுக்குச் சொல்லும் மனம்! கருவியும் அறிஞரும் நிறைந்த நாட்டுக்கே அந்தக் கதி என்றால், நம் கதி என்ன என்று கேட்பதிலே என்ன பிழை?

இங்கே நடந்ததைப் பாருங்கள். 1964இல் காவிரிப் படுகையின் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. நரிமணத்திலே எண்ணெய் வந்தது. 1993இல் நாகைக்கு அருகே சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. 2017இலே நெடுவாசல் கொதித்தது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள், கதிராமங்கலத்து வயலிலே குழாய் கசிந்து எண்ணெய் ஓடியது. 2020 ஜனவரியிலே டில்லி சர்க்கார் விதியைத் திருத்தியது: எண்ணெய் தேடித் தோண்டும் ஆய்வுக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாயிற்று! அதற்கு அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்கள் முழுமையாக. கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களிலே சில ஒன்றியங்கள். அறிவிப்பிலே பெயர் சொல்லப்பட்ட அரியலூர், சட்டத்தின் பட்டியலிலே இல்லை!

பட்டியலிலே இல்லாத ஊருக்கு என்ன வந்தது? 2021 ஜூன் மாதம், அரியலூர் மாவட்டத்திலே 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்தது. மாநில அரசு இடம் தர மறுத்தது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. மக்கள் மூச்சு விட்டனர்.

மூச்சு விட்டோம், சரி. ஆனால், எண்ணிப் பாருங்கள்: அந்தப் பத்து இடங்களையும் எதை வைத்துக் குறித்தார்கள்? கண்ணை மூடிக்கொண்டா விரலை வைத்தார்கள்? பாறையை ஆய்ந்து, எதிரொலியைக் கேட்டு, பிளவைக் கணித்துத்தானே எவரும் இடம் குறிப்பார்கள்! தோண்டுவது நின்றது. கண்ட அறிவு எங்கே? நில அதிர்வுத் தரவுகளைத் தொகுத்துவைக்க 2017இல் டில்லி சர்க்கார் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. ஏலம் கேட்க வரும் நிறுவனம், கடல் கடந்து வந்தாலும், கட்டணம் கட்டிப் பார்க்க வழி உண்டு. கம்பி சுமந்த ஆண்டிமடத்துக்காரன் பார்க்க, அவன் மொழியிலே ஒரு தாள் உண்டா?

"பாமரனுக்குப் படம் புரியுமா?" என்று நவில்வார்கள் நாகரிகக் கனவான்கள். ஏன் புரியாது? வரப்பைப் பற்றி உழவனுக்கா பாடம் சொல்ல வேண்டும்? நண்டு வளையைக் கண்டு மண்ணைத் திணித்து மிதிப்பவனுக்கா கசிவு புரியாது? சொல்லாமல் விட்டால்தான் விபரீதம் வளரும். குன்னத்திலே 2020இல் ஏரி தோண்டும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சு! நிலவியலாளர்கள் வந்து, அவை படிவுகள் உருண்டு இறுகிய கற்கள் என்று விளக்கினார்கள், பேச்சு அடங்கியது. வதந்திக்கு மருந்து வாய்ப்பூட்டு அல்ல, விளக்கம்!

ஜெயங்கொண்டத்தார் இதை நன்கு அறிவார்கள். மண்ணுக்கு அடியிலே பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று 1990களிலே நிலத்தை எடுத்தார்கள். மின்நிலையமும் வரவில்லை, சுரங்கமும் வரவில்லை. இழப்பீட்டுக்காக உழவர்கள் ஆண்டுக் கணக்கிலே நீதிமன்றப் படியேறினார்கள். அடியிலே இருப்பதை அறிந்தவன் ஆணையிட்டான்; மேலே இருந்தவன் அலைந்தான்! அதே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்திலேதான் கடலூர் மணற்பாறை தரையோடு கிடக்கிறது. அதன் நீர்தான் குழாய்க் கிணற்றிலே ஏறி, குடத்திலே நிறைகிறது. எண்ணெய்க் கிணறு எதுவாயினும் அந்த நீர்ப்பாறையை ஊடுருவித்தான் கீழே போக வேண்டும். எஃகுக் குழாய் இறக்கிச் சிமெண்டு பூசுவார்கள், உண்மை. ஆனால், அருகே பிளவு ஓடுகிறதா, அது எந்த அடுக்கு வரை ஏறி நிற்கிறது என்று குடம் ஏந்தும் தாய் கேட்கக் கூடாதா?

* * *

ஆகவே, தோழர்களே, அறிவியலைக் கண்டு அஞ்சும் கூட்டமல்ல நாம். கருவி வேண்டாம் என்பது நம் கட்சி அல்ல. முப்பரிமாண ஆய்வு இருந்தால், வீணாகத் தோண்டும் வறண்ட கிணறுகள் குறையும். ஒரு கிணறு குறைந்தால் ஒரு வயல் பிழைக்கும். கிணறு வேண்டும் என்பவனுக்கும் அந்தப் படம் தேவை. வேண்டாம் என்பவனுக்கு, ஏன் வேண்டாம் என்று ஆதாரத்தோடு பேச, இன்னும் அதிகமாகத் தேவை!

ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. கை தூக்கிக் கலைகிறோம். இனிக் கலையும் முன்பு மூன்று கேள்விகளை எழுதித் தீர்மானமாக வைப்போம்.

ஒன்று: எங்கள் ஊருக்கு அடியிலே நடத்திய ஆய்விலே கண்ட பிளவுகள் எவை, எங்கே ஓடுகின்றன, எந்த ஆழம் வரை ஏறுகின்றன?

இரண்டு: அவற்றிலே எது அடைத்து நிற்கிறது, எது கசியக்கூடும், அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?

மூன்று: உங்கள் கருவியின் கண்ணுக்குத் தப்பிய சிறு பிளவுகளுக்கு என்ன காவல்? கிணறு ஓடும் இடங்களிலே நில அதிர்வை அளக்கும் கருவி உண்டா, அதன் அளவு ஊராட்சி மன்றச் சுவரிலே ஒட்டப்படுமா?

விடை தமிழிலே வரவேண்டும், படத்தோடு வரவேண்டும், தோண்டுவதற்கு முன்பு வரவேண்டும். டில்லி மறுத்தால், மறுப்பையும் எழுத்திலே தரட்டும்! மாநில அரசும் தன்னிடம் வரும் விண்ணப்பத்தோடு இந்த மூன்று விடைகளையும் கேட்டு வாங்கி ஊருக்கு முன்னே வைக்கட்டும். கேள்வி நம்முடையதாக இருந்தால்தான், எந்த ஆட்சி வந்தாலும் போனாலும், விடை நமக்கு உரியதாக இருக்கும்.

அன்று மருதையாற்றிலே, கீழே மண் போனதை அறிந்தவர் எவரும் வண்டிக்கு முன்னே நின்று விளக்கு ஆட்டவில்லை. அறிந்திருக்க வழியும் இல்லை. இருட்டு, மழை, வெள்ளம். இன்று அந்தச் சாக்கு இல்லை. 3,000 மீட்டர் ஆழத்தையும் துருவிப் பார்க்கும் விளக்கு வந்துவிட்டது. அந்த விளக்கைக் கம்பளியால் மூடிவைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, போய்ப் படுங்கள்" என்று சொல்வதை நாம் ஏற்கலாமா?

தேநீர்க் கடையிலே நின்ற அந்தப் பெரியவரிடம், "அடுத்த முறை வரும்போது சொல்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். "எத்தனையோ பேர் அப்படிச் சொல்லிட்டுப் போனாங்க தம்பி" என்றார்.

தோழர்களே, அந்தச் சிரிப்பு என்னை உறங்கவிடவில்லை. அடுத்த முறை அவர் முன்னே நான் வெறுங்கையோடு போக விரும்பவில்லை. ஆளுக்கு ஒரு தீர்மானம், ஊருக்கு ஒரு கேள்வித் தாள் என்று தொடங்குவோம். வாருங்கள்!